கஸ்டமர் துணியில காஜா பழகக் கூடாது



இந்த வார எபிசோட் கேட்டவங்களுக்குத் தெரியும், குபெர்னெட்டீஸ் பத்தி முக்கால் மணி நேரம் பேசினோம். அதுல ஒரு இடத்துல நான், "டீமை ரெண்டு நாள் உக்கார வெச்சு ட்ரெயினிங் கொடுத்துட்டா போதும், மிச்சத்தை அவங்களே பார்த்துப்பாங்க"ன்னு சொல்லியிருந்தேன். எடிட் பண்ணும்போது திரும்பக் கேட்டேன், எனக்கே உறுத்துச்சு. ஏன்னா அப்படி ஒரு ட்ரெயினிங் நடந்து, அதனால ஒரு பிரயோஜனமும் இல்லாம போனதைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான். அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்கத்தான் இந்த லெட்டர்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கண்டெய்னர் ஆர்கெஸ்ட்ரேஷனுக்கு ட்ரெயினிங் வைக்கிற எந்தக் கம்பெனியும் ரெண்டு கேள்விக்குப் பதில் வெச்சிருக்கணும். ராத்திரி ஃபோன் அடிச்சா எடுக்கப் போறவங்க அந்த ரூம்ல இருக்காங்களா? அவங்க பயமில்லாம உடைச்சுப் பார்க்க ஒரு க்ளஸ்டர் இருக்கா? ரெண்டுக்கும் "இல்லை"ன்னா, அது நல்ல லஞ்ச் பஃபே. அவ்வளவுதான்.

பெட்டியும் மீகாமனும்

புதுசா சேர்ந்தவங்களுக்காகச் சுருக்கமா. ஒரு ப்ரோக்ராமையும் அது ஓடறதுக்குத் தேவையான எல்லாத்தையும் சேர்த்து ஒரே பெட்டியில அடைச்சா அது கண்டெய்னர். 2013ல டாக்கர் வந்த பிறகு இது எல்லார் கைக்கும் வந்துச்சு. பேரு துறைமுகத்துல இருந்து வந்தது. 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல்ல ஏத்தி நியூஅர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே என்ன சரக்கு இருந்தாலும் வெளிப்பெட்டி ஒரே மாதிரி, அதனால கிரேனுக்கும் லாரிக்கும் கவலை இல்லை.

துபாய்ல வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. நான் இருக்கற சத்வாவுக்குப் பக்கத்துல போர்ட் ரஷீத் 1972லயே வந்தாச்சு, ஜெபல் அலி 1979ல. உங்கள்ல எத்தனை பேரோட அப்பாவோ மாமாவோ அந்தப் பெட்டிகளை எண்ணி, இறக்கி, அதுக்குப் பேப்பர் போட்டு உங்களைப் படிக்க வெச்சிருப்பாங்க!

பெட்டி நாலு இருந்தா கையால அடுக்கிடலாம். நாலாயிரம் இருந்தா? எது எந்த மெஷின்ல ஓடணும், ஒண்ணு செத்தா யார் எழுப்பறது, கூட்டம் ஏறினா எத்தனை சேர்க்கறது, இதையெல்லாம் பார்த்துக்கறதுதான் ஆர்கெஸ்ட்ரேஷன். கூகுள் 2014ல வெளியிட்ட குபெர்னெட்டீஸ் அந்த வேலையைச் செய்யுது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தம், கப்பலைச் செலுத்துறவர். பழைய தமிழ்ல அவருக்கு மீகாமன்னு பேரு. (அதே 2014 டிசம்பர்ல ஆர்யா நடிச்சு 'மீகாமன்'னு ஒரு படமும் வந்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லை.)

பதினாலு பேருக்கு ட்ரெயினிங், பதினெட்டு பேருக்கு ஆன்-கால்

ஷேக் சாயித் ரோட்டுல ஒரு கம்பெனி, பேரு வேண்டாம். டீம்ல மொத்தம் பதினெட்டு பேர். பதினாலு பேர் பர்மனென்ட், நாலு பேர் கான்ட்ராக்டர். கான்ட்ராக்டர்னா என்னன்னு கல்ஃப்ல வேலை பார்க்கறவங்களுக்குத் தெரியும். விசா ஒரு மேன்பவர் சப்ளையர் பேர்ல இருக்கும், உக்கார்ற சீட்டு க்ளையன்ட் ஆஃபீஸ்ல இருக்கும், கழுத்துல தொங்கற பேட்ஜ் மட்டும் வேற கலர்.

ஆஃபீஸ்ல எல்லா ஆப்பையும் குபெர்னெட்டீஸுக்கு மாத்தப் போறோம்னு முடிவாச்சு. பக்கத்து ஹோட்டல்ல ரெண்டு நாள் ஹேண்ட்ஸ்-ஆன் ட்ரெயினிங். மெயில்ல "டீம்"னு போட்டிருந்ததால நானும் காலண்டர்ல குறிச்சு வெச்சேன். முதல் நாள் சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, கான்ட்ராக்டர்ஸுக்கு பட்ஜெட் இல்லை, நீங்க நாலு பேரும் ஆஃபீஸ்ல இருந்து சப்போர்ட் பார்த்துக்கங்கன்னு சொன்னார். கோபமா எல்லாம் சொல்லலை. அவருக்கு அது ஒரு எக்செல் ஷீட் கணக்கு.

போய்ட்டு வந்த நண்பர் ஒருத்தர்கிட்ட எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "ஹேண்ட்ஸ்-ஆன்னு போட்டிருந்தாங்க. கை வெச்சது இன்ஸ்ட்ரக்டர் மட்டும்தான்." எல்லாருக்கும் சேர்த்து ஒரே க்ளஸ்டர். யாராவது எதையாவது டெலிட் பண்ணிடுவாங்கன்னு பார்க்கறதுக்கு மட்டும் அனுமதி. ரெண்டு நாளும் ஸ்லைடு.

மூணு வாரம் கழிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம். ட்ரெயினிங் லிஸ்ட்ல இல்லாத என் பேரு ஆன்-கால் லிஸ்ட்ல இருந்துச்சு. ஒரு நோட் பதில் சொல்லலை. அதுல ஓடிட்டிருந்த ஆர்டர் ப்ராசஸ் பண்ற பாட் அப்படியே "டெர்மினேட்டிங்"னு நிக்குது, வேற நோட்டுக்குப் போக மாட்டேங்குது. குபெர்னெட்டீஸ் தானா சரி பண்ணிடும்னுதானே எல்லாரும் சொன்னாங்க? பத்து நிமிஷம் பார்த்தேன். இன்டர்நெட்ல தேடினா ஃபோர்ஸ் டெலிட் பண்ணுன்னு யாரோ சொல்லியிருந்தாங்க. பண்ணிட்டேன். உடனே வேற நோட்ல புது பாட் வந்துச்சு, எல்லாம் பச்சை. நிம்மதியா படுத்தேன்.

அந்த நோட் சாகலை. கன்ட்ரோல் ப்ளேனோட இருந்த நெட்வொர்க் மட்டும்தான் அறுந்திருந்துச்சு. பழைய பாட் அங்க பாட்டுக்கு வேலை செஞ்சுட்டே இருந்துச்சு. அது ஸ்டேட்ஃபுல்செட் பாட், அதாவது ஒரு பேருக்கு ஒரு ஆள்தான் இருக்கணும். நான் ஃபோர்ஸ் டெலிட் பண்ணதும் ஒரே பேர்ல ரெண்டு ஆள். விடியறதுக்குள்ள ஏகப்பட்ட ஆர்டர் ரெண்டு தடவை ப்ராசஸ் ஆகியிருந்துச்சு. அதைச் சுத்தம் பண்ண ரெண்டு நாள் ஆச்சு.

ரிப்போர்ட்ல காரணம்னு ஒரே வரி: மனிதத் தவறு. தவறு என்னோடதுதான், அதை மறுக்கலை. ஆனா அந்த வரிக்கு மேல ஒரு வரி எழுத இடம் இருந்துச்சு, யாரும் எழுதலை. ஒரு வருஷத்துக்கு ரினியூ ஆக வேண்டிய என் கான்ட்ராக்ட் மூணு மாசத்துக்கு ஆச்சு. மூணு மாசம்னா என்னன்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலை, விசா, வீட்டு வாடகை செக், எல்லாம் ஒரே கயித்துல தொங்கற ஊர் இது.

டெய்லர் மாஸ்டர் சொன்னது

சத்வா தெரிஞ்சவங்களுக்கு அங்க என்ன ஃபேமஸ்னு தெரியும். துணிக்கடை, டெய்லர் கடை, கார் சீட் கவர் தைக்கிற கடை, அப்புறம் ரவி ரெஸ்டாரன்ட். என் பில்டிங் கீழ நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் டெய்லர் கடையில இருக்கார். பேன்ட் சுருக்கக் கொடுக்கப் போனப்போ இந்தக் கதையைச் சொன்னேன். அவருக்கு சர்வர் எல்லாம் தெரியாது. கேட்டுட்டு, "உங்களைக் கஸ்டமர் துணியிலயே காஜா போட விட்டுட்டாங்க"ன்னார்.

டெய்லர் கடையில புதுசா சேர்ற பையன் முதல்ல காஜா பையன். பட்டன் கட்டுவான், காஜா எடுப்பான். அதையும் நேரா சட்டையில எடுக்க மாட்டான். வெட்டி விழுந்த துண்டுத் துணியில நூறு தடவை எடுத்து, மாஸ்டர் பார்த்து சரின்னு சொன்னப்புறம்தான் சட்டை கைக்கு வரும். துண்டுத் துணியில ஓட்டை பெருசானா நஷ்டம் இல்லை. ஏன் பெருசாச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

நம்ம தொழில்ல துண்டுத் துணிதான் யாருக்கும் கொடுக்கறதில்லை. ஸ்லைடு கொடுப்பாங்க, வீடியோ லிங்க் கொடுப்பாங்க, அப்புறம் நேரா ப்ரொடக்‌ஷன்.

ஹால்ல ஒரு க்ளஸ்டர்

ட்ரெயினிங் கிடைக்காத நாலு பேரும் பேசி, நாமளே பண்ணுவோம்னு முடிவு பண்ணோம். கம்ப்யூட்டர் ஸ்ட்ரீட்னு எல்லாரும் சொல்ற காலித் பின் வலீத் ரோட்டுல மூணு பழைய லேப்டாப் வாங்கினோம். ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச். சனிக்கிழமை காலையில எங்க வீட்டு ஹால்ல பாயை விரிச்சு எல்லாத்தையும் வெச்சு கே3எஸ் போட்டோம். இது குபெர்னெட்டீஸோட லேசான வடிவம், 100 எம்பிக்குள்ள ஒரே பைனரி, பழைய லேப்டாப்ல கூட ஓடும்.

வந்தவங்க: கீழக்கரை பாய் ஒருத்தர், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர், மதுரைக்காரர் ஒருத்தர், நான். கூடவே ஷார்ஜாவுலயே பொறந்து வளர்ந்த ஒரு தங்கச்சி. டிகிரி முடிச்சு வேலை தேடிட்டிருந்தது, நம்ம பாட்காஸ்ட் கேக்கற பொண்ணு.

முதல் வேலையா, எனக்கு நடந்ததை அப்படியே திரும்ப நடத்திப் பார்த்தோம். ஒரு லேப்டாப்போட நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினோம். எல்லாரும் ஸ்கிரீனையே பார்க்கறோம். ஒரு நிமிஷம் ஆகுது, நோட் "நாட் ரெடி"ங்குது. பாட் எல்லாம் அப்படியே இருக்கு. ரெண்டு நிமிஷம். மூணு நிமிஷம்.

"என்ன தம்பி, மீகாமன் தூங்கிட்டாரா?"ன்னு பாய் கேட்டார்.

தங்கச்சிதான் டாக்குமென்டேஷனைத் தோண்டி எடுத்துச்சு. "அண்ணா, இதுக்கு டீஃபால்ட்டாவே 300 செகண்ட் இருக்கு. நோட் திரும்பி வந்துடுமோன்னு அஞ்சு நிமிஷம் காத்திருக்கும்." சொன்ன மாதிரியே அஞ்சு நிமிஷம் தாண்டினதும் சாதாரண பாட் எல்லாம் வேற நோட்ல எழுந்துச்சு. ஸ்டேட்ஃபுல்செட் பாட் மட்டும் "டெர்மினேட்டிங்"லயே நின்னுச்சு. பழைய ஆள் நிஜமாவே போயிட்டான்னு உறுதியா தெரியாம அதே பேர்ல இன்னொரு ஆளை அது எழுப்பாது. வேணும்னுதான் நிக்குது. இப்படி ஃபோர்ஸ் டெலிட் பண்ணா என்ன ஆகும்னு குபெர்னெட்டீஸ் டாக்குமென்டேஷன்ல தனிப் பக்கமே போட்டு எச்சரிச்சிருக்காங்க.

நான் அந்த ராத்திரி பார்த்த அதே ஸ்கிரீன். கேபிளைத் திரும்பச் சொருகினோம், ரெண்டு நிமிஷத்துல எல்லாம் தானா சரியாச்சு. நான் கொஞ்ச நேரம் பால்கனியில போய் நின்னுட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் ஆறு சனிக்கிழமை. மெமரி லிமிட்டை வேணும்னே குறைச்சு 137ன்னு எக்சிட் கோடு வர வெச்சோம். இமேஜ் பேரைத் தப்பா போட்டோம். டி.என்.எஸ்ஸை நிறுத்தினோம், அப்போ எல்லாமே உடைஞ்ச மாதிரி தெரியும், உடைஞ்சது ஒண்ணுதான். மூணு நோட்ல எட்சிடி போட்டு ஒண்ணை அணைச்சா தாங்கும், ரெண்டை அணைச்சா க்ளஸ்டர் எந்த மாத்தத்தையும் ஏத்துக்காதுன்னு கண்ணால பார்த்தோம். பேக்கப் எடுத்தோம், முழுசா அழிச்சோம், திரும்பக் கொண்டு வந்தோம். முதல் தடவை திரும்பி வரலை. அந்த ஒரு நாள்ல கத்துக்கிட்டது மத்த எல்லா நாளையும் விட ஜாஸ்தி.

பெரிய ஆளுங்களுக்கும் இதேதான்

சின்ன டீமோட பிரச்சினைன்னு நினைக்க வேண்டாம். 2023 மார்ச் 14 அன்று ரெட்டிட் 314 நிமிஷம் முடங்கினது உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். குபெர்னெட்டீஸ் 1.23லிருந்து 1.24க்கு மாத்தினாங்க. கன்ட்ரோல் ப்ளேன் நோட்களுக்கு இருந்த "மாஸ்டர்"ங்கற லேபிள் 1.24ல எடுக்கப்பட்டுச்சு. அவங்க நெட்வொர்க் செட்டிங் ஒண்ணு அந்த லேபிளை நம்பி இருந்துச்சு. லேபிள் போச்சு, நெட்வொர்க்கும் போச்சு.

எனக்கு முக்கியமா பட்டது அதுக்கு அப்புறம் நடந்தது. பேக்கப்பிலிருந்து திரும்பக் கொண்டு வரலாம்னு பார்த்தா, அதுக்கான வழிமுறை வழக்கொழிஞ்ச பழைய வெர்ஷனுக்கு எழுதினது. இதையெல்லாம் அவங்களே வெளிப்படையா எழுதினாங்க, அதுக்கு ஒரு சல்யூட். அவ்வளவு திறமையான இன்ஜினியர்கள் இருக்கற இடத்துலயே, எழுதி வெச்சதுக்கும் செஞ்சு பார்த்ததுக்கும் இடையில அவ்வளவு தூரம். நம்ம ஆஃபீஸ் விக்கி பக்கத்தை நினைச்சுப் பாருங்க.

"ஆறு மாசத்துல போயிடுவாங்க"

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் பார்க்கணும். கான்ட்ராக்டர் ஆறு மாசத்துல போயிடுவாரு, அவருக்கு எதுக்கு செலவு பண்ணணும்? சட்டப்படியும் அவங்க சொல்றதுல ஒரு லாஜிக் இருக்கு. 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில இருக்கற அமீரகத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிகளோட திறனை வளர்க்கறதை முதலாளியோட கடமைகள்ல ஒண்ணா சொல்லுது. ஆனா பேப்பர்ல எனக்கு முதலாளி சப்ளையர். சப்ளையரைக் கேட்டா, க்ளையன்ட்டோட சிஸ்டத்துக்கு நாங்க எப்படி ட்ரெயினிங் கொடுக்கறதுங்கறாங்க. அதுவும் நியாயமாதான் தெரியுது. ரெண்டு நியாயத்துக்கும் நடுவுல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் தனியா உக்கார்ந்திருக்கான்.

என் பதில் சிம்பிள். ஆறு மாசத்துல போகப் போறவர்கிட்ட ப்ரொடக்‌ஷன் சாவியைக் கொடுக்க முடியும்னா, அவருக்கு ட்ரெயினிங்ல ஒரு நாற்காலியும் கொடுக்க முடியும். நாற்காலி கொடுக்க முடியாதுன்னா சாவியும் கொடுக்காதீங்க. ஆன்-கால்ல இருந்து எடுத்துடுங்க, நாங்க நல்லா தூங்குவோம்.

செலவுக் கணக்கும் பார்த்துடலாம். அமேசான்ல ஒரு குபெர்னெட்டீஸ் க்ளஸ்டரோட கன்ட்ரோல் ப்ளேனுக்கு மணிக்கு 10 அமெரிக்க சென்ட். ஒரு நாள் முழுக்க ஓடினா 2.40 டாலர், ஒன்பது திர்ஹாமுக்குக் கொஞ்சம் கம்மி. கூட ரெண்டு சின்ன மெஷின் போட்டாலும், ஆளுக்கு ஒண்ணுன்னு பதினெட்டு க்ளஸ்டர் ரெண்டு நாள் ஓட்டற செலவு அந்த ஹோட்டல் லஞ்ச் பில்லைத் தொடாது. இது பட்ஜெட் பிரச்சினை இல்லை. யாரை டீம்னு நினைக்கறோம்ங்கற பிரச்சினை.

என்ன செய்யலாம்

லீடா இருக்கறவங்க, இல்லை சீக்கிரம் ஆகப் போறவங்களுக்கு:

1. ட்ரெயினிங்குக்கு யாரைக் கூப்பிடறதுன்னு யோசிக்கும்போது ஆன்-கால் லிஸ்ட்டை எடுத்து வைங்க. அதுல இருக்கற எல்லாரும் வரணும், பேட்ஜ் எந்தக் கலரா இருந்தாலும்.
2. ஆளுக்கு ஒரு க்ளஸ்டர். முழு அனுமதியோட. உடைஞ்சா அழிச்சுட்டு இன்னொண்ணு.
3. ரெண்டாவது நாள் ஸ்லைடே வேண்டாம். உங்க சொந்த ஆப்போட ஒரு காப்பியைப் போட்டு, ஒருத்தர் உடைக்கணும், இன்னொருத்தர் கண்டுபிடிக்கணும்.
4. ரிப்போர்ட்ல "மனிதத் தவறு"ன்னு எழுதறதுக்கு முன்னாடி, அந்த மனிதருக்கு இதை யார், எப்போ கத்துக்கொடுத்தாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. எழுத முடியலைன்னா காரணம் வேற எங்கயோ இருக்கு.

இப்போ இங்கயே வளர்ந்த தம்பி தங்கச்சிங்களுக்கு. உங்க அவசரம் எனக்குப் புரியுது. பசங்களுக்கு அப்பா ஸ்பான்சர்ஷிப் 25 வயசு வரைக்கும்தான். அதுக்குள்ள ஒரு வேலை, ஒரு விசா. அதனால சர்ட்டிஃபிகேட் மேல சர்ட்டிஃபிகேட் அடுக்கறீங்க. "அண்ணா, சி.கே.ஏ. எழுதலாமா?"ன்னு வர்ற கேள்விதான் நம்ம இன்பாக்ஸ்ல அதிகம். தாராளமா எழுதுங்க. அது சாய்ஸ் கேள்வி இல்லை, ரெண்டு மணி நேரம் டெர்மினல்ல உக்கார்ந்து நிஜ க்ளஸ்டர்ல வேலை செய்யணும், 66 சதவீதம் எடுக்கணும். நல்ல பரீட்சைதான். ஆனா இப்போ ரெண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். கேபிளைப் பிடுங்கிப் பார்த்து வர்ற அறிவுக்கு எக்ஸ்பைரி டேட் இல்லை. முதல்ல அது, அப்புறம் இது.

அந்த ஷார்ஜா தங்கச்சிக்கு இப்போ வேலை கிடைச்சாச்சு. இன்டர்வியூல, ஒரு நோட் செத்தா என்ன ஆகும்னு கேட்டிருக்காங்க. முன்னாடி போன எல்லாரும் "பாட் உடனே வேற நோட்டுக்குப் போயிடும்"னு சொன்னாங்களாம். இது, "உடனே போகாது சார், அஞ்சு நிமிஷம் காத்திருக்கும், நான் பார்த்திருக்கேன்"னு சொல்லியிருக்கு.

எனக்கு அந்த மூணு மாசம் முடிஞ்சு, திரும்ப மூணு மாசம் ரினியூ ஆச்சு, இப்போ வேற இடம். இங்கயும் கான்ட்ராக்டர்தான். சேர்ந்த முதல் வாரமே ட்ரெயினிங் லிஸ்ட்ல என் பேரு இருக்கான்னு கேட்டேன். கொஞ்சம் முழிச்சாங்க, சேர்த்துட்டாங்க. கேட்டா கிடைக்கும்னு எனக்கு முன்னாடி தெரியலை. அதனால நீங்களும் கேளுங்க. நீங்க பர்மனென்ட்டா இருந்தா, பக்கத்து சீட்டு கான்ட்ராக்டருக்காக நீங்க கேளுங்க. அவருக்காக வேற யாரும் கேக்க மாட்டாங்க.

மூணு லேப்டாப்பும் இன்னும் எங்க ஹால்லதான் இருக்கு. சனிக்கிழமை காலை, சத்வா பஸ் ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரம். உடைக்க ஆசைப்படறவங்க இந்த லெட்டருக்கு ரிப்ளை பண்ணுங்க. டீ என் செலவு. உங்க ஆஃபீஸ்ல யாரை ட்ரெயினிங்குக்குக் கூப்பிடறாங்க, யாரை விடறாங்கன்னும் எழுதுங்க. பேரு போடாம அடுத்த எபிசோட்ல வாசிக்கறோம்.

அடுத்த வாரம் பார்ப்போம்.